பலாமரத்தடியில் பூத்தது

துறைமுகத்தடியில் பிறந்து, பாலையூற்றில் வாழ்ந்து, அங்கேயே கண்மூடிய எங்கள் அக்காவைப் பற்றி இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி அவருடைய பிள்ளைகள், என் பெறாமக்கள், கேட்டார்கள். "சின்னம்மா, அம்மாவின்ர நல்ல குணங்களை எழுதுங்கோ, ஒரு பக்கம் காணும்" என்றார்கள். அன்பு, அடக்கம், பொறுமை, விருந்தோம்பல் என்று அந்தப் பக்கம் எல்லா நினைவு மலரிலும் ஏற்கெனவே அச்சாகி இருக்கிறது. படத்தை மாற்றினால் போதும். எனக்கு அதை எழுதக் கை வரவில்லை.

"அந்தப் பின்வளவுக் கதையை மட்டும் எழுதிப்போடாதேங்கோ" என்று உறவினர் இரண்டு பேர் தனித்தனியே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அதைத்தான் எழுதப்போகிறேன். அக்காவின் பெயரில் சேறு பூசப்பட்டது வீட்டின் பின்னாலிருந்த அந்த வளவில்தான். பூசியவர்கள் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். கழுவாமல் மிச்சம் விட்டதை நான் பார்த்துக்கொண்டு சாக ஏலாது.

எங்கள் ஐயா துறைமுகத்துப் பண்டகசாலை ஒன்றில் கிளாக்கர். நாங்கள் குடியிருந்த துறைமுகத்தடி வீட்டை யுத்தத் தேவைக்கென்று அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, ஐயா பாலையூற்றில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தார். மாசி மாதம், மண் வெடித்துக் கிடந்த காலம். வீட்டின் பின்னால் பெரிய பலாமரம், இரண்டு மாமரம், ஒரு புளி. உச்சி வெயில்கூட அங்கே நிலத்தில் விழாது. முன்பு இருந்தவர்கள் அந்த நிழலில் என்னென்ன நட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் போனபோது காய்ந்த சருகைத் தவிர ஒன்றும் இல்லை.

குடிபோன அடுத்த மாதமே, வருஷப் பிறப்புக்குச் சில நாட்கள் இருக்க, யப்பான்காரன் வந்து குண்டு போட்டான். சீனக்குடாப் பக்கம் எழும்பிய கரும்புகையைப் பார்த்துக்கொண்டே சனம் வண்டில் கட்டியது. அம்மா என்னையும் தம்பிமாரையும் கூட்டிக்கொண்டு திரியாய்க்கு, ஐயாவின் தங்கை வீட்டுக்குப் போனார். அவர் எங்களுக்கு மாமி. அவருடைய மகனுக்குத்தான் அக்காவைக் கொடுப்பதாகச் சின்ன வயதிலிருந்தே பேச்சு. ஐயா வேலையை விட்டுவிட்டு வர ஏலாது. வயிற்றுப் புண்காரர், கடைச் சாப்பாடு ஒத்துவராது. ஐயாவுக்குச் சமைத்துக் கொடுக்க அக்கா வீட்டில் நின்றுகொண்டார். அப்போது அக்காவுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பதினாறு.

"நீயும் வா பிள்ளை, ஐயா எப்பிடியும் சமாளிப்பார்" என்று அம்மா வண்டிலுக்குள் இருந்து கெஞ்சினார்.

"அவருக்குச் சோத்துக்கு எத்தினை சிரட்டை தண்ணி விடுறதெண்டும் தெரியாது அம்மா. நீங்கள் போங்கோ" என்றார் அக்கா.

ஆறு மாதம் ஐயாவும் அக்காவும் தனியே இருந்தார்கள். ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அபாயச் சங்கு ஊதினால் இறங்குவதற்காக இருவரும் பலாமரத்தடியில் பதுங்கு குழி ஒன்று வெட்டினார்கள். முதல் மழையில் அதற்குள் தண்ணீர் நின்று, ஒரு புடையன் பாம்பும் வந்து படுத்துக்கொண்டதால், ஐயா அதைத் திரும்ப மூடிவிட்டார். நடந்தது இவ்வளவுதான். இதற்குள் ஒளிப்பு மறைப்பு ஒன்றும் இல்லை.

ஐப்பசியில் நாங்கள் திரும்பி வந்தோம். மாமியும் மகனும் எங்களோடு அதே வண்டிலில் வந்தார்கள். தையில் கலியாணத்துக்கு நாள் வைத்துவிட்டுப் போவதுதான் நோக்கம். மாமி ஒரு போத்தல் நெய்யும் முறுக்கும் கொண்டு வந்திருந்தார். படலையைத் திறந்தவுடனே நாற்றம் முகத்தில் அடித்தது. செத்த எலி நாற்றம் உங்களுக்குத் தெரியும். அதை நூறாகப் பெருக்கி, அதற்குள் அழுகிய மீன் குடலையும் போட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. சின்னத் தம்பி படலையடியிலேயே சத்தி எடுத்தான்.

அக்கா சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். இந்தச் சிரிப்பை நான் இங்கே எழுதியே ஆக வேண்டும். ஒளிக்க ஏதும் உள்ளவள் அப்படிச் சிரிக்க மாட்டாள். "வாங்கோ, வந்து இந்தக் கூத்தைப் பாருங்கோ. நேத்துப் பின்னேரம்தான் விரிஞ்சது. நாய்தான் செத்துக் கிடக்குதெண்டு நானும் ஐயாவும் வளவு முழுக்கத் தேடினனாங்கள்" என்று எங்களைப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

பூ என்று அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் கூசுகிறது. இலை இல்லை, கொப்பு இல்லை, காம்பும் கண்ணுக்குத் தெரியவில்லை. மூடிய பதுங்கு குழியின் ஓரத்தில், மண்ணைப் பிளந்துகொண்டு, ஒரு பெரிய சட்டி அளவில் குந்திக்கொண்டிருந்தது. சுற்றிவரச் சுருங்கிய மடல், மாட்டுக் குடலை உள்பக்கம் வெளியே புரட்டிவிட்ட மாதிரி. நடுவில் ஊதிப்போன ஒரு கட்டி, கன்றிய இரத்த நிறத்தில், ஈரமாக, மினுங்கிக்கொண்டு. அதன்மேல் பச்சை ஈக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஊர்ந்தன.  அந்தப் பூவின்மேல் எனக்கு வந்த அருவருப்பு அன்றே போய்விட்டது. அதற்குப் பிறகு அங்கே நடந்தவற்றின்மேல் வந்தது இன்னும் போகவில்லை.

மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பூவைப் பார்க்கவில்லை, அதைச் சுற்றியிருந்த புது மண்ணைப் பார்த்தார். மாமியை 'அவர்', 'பார்த்தார்' என்று நான் எழுதுவது இந்த மலரின் மரியாதைக்காகத்தான்.

"அண்ணை, இதுக்குள்ள என்னத்தைத் தாட்டனீங்கள்?"

"ஒண்டையும் புதைக்கேல்லைத் தங்கச்சி. பதுங்கு குழி வெட்டினது. மழைக்கு மூடிப்போட்டன்" என்றார் ஐயா.

"பிணம் தாட்ட இடத்திலதான் இப்பிடிப் பிணநாத்தத்தோட பூக்குமெண்டு கேள்விப்பட்டிருக்கிறன்."

அவர் அப்படி ஒன்றும் கேள்விப்பட்டதில்லை. அந்த நிமிடத்தில் வாயில் வந்ததைச் சொன்னார். ஆனால் சொன்ன பிறகு அது சாஸ்திரமாகிவிட்டது. அன்று மாலைக்குள் குசினி அடுப்படியில் வைத்து அம்மாவின் காதுக்குள் மிச்சத்தையும் ஊற்றினார். நான் அரிசி மூட்டைக்கு இந்தப் பக்கம் நின்றேன். "பட்டாளம் திரியிற இடத்தில ஒரு குமரை ஆறு மாசம் விட்டு வைச்சனீங்கள், மச்சாள். வயித்தில வந்ததைக் கரைச்சுத் தாட்டிருந்தால் ஆருக்குத் தெரியும்?" நரம்பில்லாத நாக்கு எப்படியும் வளையும் என்பார்கள். இது வளைந்தது போதாதென்று முடிச்சும் போட்டது.

அம்மாவை நான் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லாமலும் விடமாட்டேன். அம்மா அக்காவை அறைக்குள் கூப்பிட்டு, "அம்மாவிட்டைச் சொல்லு பிள்ளை. ஏதும் நடந்ததே?" என்று கேட்டார். பெற்ற தாயே கேட்டார்.  அக்கா, "நீங்களும் கேக்கிறியளோ" என்றார். அவ்வளவுதான். அழவில்லை. அக்காவுக்குப் பதிலாக நான் அழுதேன்.

அடுத்த நாள் விடிந்ததிலிருந்து சனம். ஒழுங்கைக்குத் திரும்பி வந்திருந்த பெண்கள் இரண்டு இரண்டு பேராக வந்தார்கள். ஊருக்குள் சீனி கிடையாத காலம். வந்தவர்கள் எங்கள் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்து, "என்ன பூவெண்டு தெரியேல்லை அக்கா, நாங்களும் இப்பிடி ஒண்டைக் காணேல்லை" என்று அம்மாவிடம் சொல்லி, ஐயாவையும் அக்காவையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாற்றம் பிடிக்காதென்றால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே. ஒருத்தி திரும்பவும் பார்ப்பதற்குத் தன் கொழுந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் மாமி, "கிண்டிப் பாத்தால் தெரிஞ்சுபோகும்" என்றார். மாமியின் மகன் எங்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.  ஐயா திண்டாடிக்கொண்டு நின்றார். அக்கா குசினிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பூவுக்குப் பக்கத்தில் போட்டு, சுளகோடு உட்கார்ந்து, கல்லரிசி கொழிக்கத் தொடங்கினார். ஈக்கள் பூவை விட்டு அவர் கையிலும் சுளகிலும் வந்து இருந்தன.

"எழும்பு பிள்ளை. ஒளிக்க ஒண்டுமில்லையெண்டால் ஏன் மறிக்கிறாய்?" என்றார் மாமி.

"கிண்ட விட்டால், கிண்டிப் பாக்க வேண்டியவள்தான் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி, மாமி. நான் விடமாட்டன்."

"அப்ப இது என்னெண்டு சொல்லு."

"எனக்குத் தெரியாது. இது ஏதோ ஒரு செடி. செடியெண்டால் இலை வரத்தானே வேணும். இலை வரட்டும், வந்து பாத்து நீங்களே சொல்லுங்கோ."

மாமியின் மகன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். அக்கா அவரைப் பார்த்து, "நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டார். அவர் மூக்கைப் பொத்தியிருந்த லேஞ்சித் துண்டை எடுக்காமல் தாயைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்த நேரம் அந்தப் பூவே பரவாயில்லை என்று தோன்றியது.

நாள் வைக்காமல் அவர்கள் திரியாய்க்குத் திரும்பிப் போனார்கள். நெய்ப் போத்தலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பூவின் நாற்றம் அடங்கியது, பிறகு அது சளிபோல அழுகியபோது திரும்ப வந்தது, பிறகு மழை எல்லாவற்றையும் கழுவியது. ஊர்க்கதையை எந்த மழை கழுவும்? கோயிலில் அக்கா நின்ற வரிசையில் இடைவெளி விழுந்தது. கலியாண வீடொன்றுக்கு எங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, "பெரியவ களைச்சுப்போய் இருப்பா, வீட்டில ஆறட்டும்" என்றார்கள். கார்த்திகை விளக்கீட்டன்று, இருட்டடிப்புச் சட்டத்தால் வெளியே பந்தம் கொளுத்த ஏலாதென்று வீட்டுக்குள் மட்டும் விளக்கு வைத்தோம். வருஷாவருஷம் அக்கா ஏற்றுகிற முதல் விளக்கை அம்மா என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அம்மாவே ஏற்றினார். அக்கா அன்று குசினியில் இருந்து வெளியே வரவில்லை.

அதே கார்த்திகையில்தான் இலை வந்தது. பூ இருந்த இடத்திலேயே ஈட்டிபோல ஒரு குருத்து எழும்பி, பாம்புத்தோல்போலப் புள்ளி புள்ளியான ஒரு தண்டு நீண்டு, உச்சியில் குடை விரிந்ததுபோல ஒரே ஒரு பெரிய இலையாக விரிந்தது. துறைமுகத்தடியில் வளர்ந்த எங்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. அம்மா புள்ளியைப் பார்த்துப் பயந்து தம்பிமாரை அந்தப் பக்கம் போகவிடவில்லை. ஐயா திரியாய்க்கு ஆள் அனுப்பி, "இலை வந்திருக்கு, வந்து பாருங்கோ" என்று சொல்லுவித்தார். மாரி வெள்ளம், பாதை இல்லை என்று மறுமொழி வந்தது.

ஆனால் பாலையூற்றில் அந்த இலையை அறிந்தவர்கள் இல்லாமல் இருந்திருக்க முடியாது. தோட்டம் துரவு உள்ள ஊர். பூவைப் பார்க்கப் பனங்கட்டி கடித்துக்கொண்டு வந்த பெண்களில் ஒருத்தியாவது வேலியால் எட்டிப் பார்த்திருப்பாள். ஒருத்தியும் வந்து, "பிள்ளை, இது இன்ன செடி" என்று ஒரு சொல் சொல்லவில்லை. நாற்றத்துக்கு ஓடி வந்தவர்கள் இலைக்கு வரவில்லை. சீ, என்ன சனம். வயது போனால் கோபம் ஆறும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

மாசியில் மாமியும் மகனும் வந்தார்கள். இலை மஞ்சளாகிச் சாயத் தொடங்கியிருந்தது. மாமி பலாமரத்தடிக்குப் போன வேகத்திலேயே நின்று, கையைத் தட்டிச் சிரித்தார்.

"இது கரணையல்லோ. எங்கட வளவு முழுக்க நிக்குது."

கரணைக்கிழங்கு. நாங்கள் சந்தையில் நிறுத்து வாங்கி, புளி விட்டு அவித்துத் தின்கிற அதே கரணைக்கிழங்கு. "அப்ப பூ?" என்று அம்மா கேட்டார். அதற்கு மாமி சொன்ன பதில்தான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பு. "அதை ஆர் கண்டது மச்சாள்? நான் ஒவ்வொரு மாசியும் கிண்டிப்போடுவன். நாலைஞ்சு வருசம் மண்ணுக்குள்ள விட்டால்தான் பூக்குமாம். ஆர் அவ்வளவு காலம் விட்டு வைக்கிறது?" வாழ்நாள் முழுக்க அதை நட்டு, கிண்டி, விற்றுத் தின்ற மனிசி. தன் வளவில் பூக்கவிடாத பூவை எங்கள் வளவில் கண்டு அதற்குள் பிணம் இருக்கிறது என்றார். அதற்காக ஒரு சொல் வருத்தம் இல்லை. "சரி, பங்குனி போகட்டும், சித்திரையில நாள் வைப்பம்" என்றார், ஏதோ மழையால் நின்ற வேலையைத் தொடங்குகிற மாதிரி.

அக்கா மண்வெட்டியை எடுத்தார். "இப்ப கிண்டலாம், மாமி. கிழங்கு முத்தியிருக்கும்" என்றார். ஐயா வாங்கப் போனார், அக்கா கொடுக்கவில்லை. சுற்றிவர வெட்டி, பக்குவமாக நெம்பி, ஒரு பானை அளவுக் கிழங்கை மண்ணோடு தூக்கி வெளியே வைத்தார்.

எல்லோரும் கிழங்கைப் பார்த்தோம். மாமி குழியைப் பார்த்தார். குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி, அடிவரைக்கும் பார்த்தார். மகனும் தாயின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அங்கே மண்ணும் இரண்டு மண்புழுவும்தான். அவர்கள் நிமிர்ந்தபோது அக்கா அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அக்கா கிழங்கைக் கழுவி, இரண்டாகப் பிளந்து, பெரிய பாதியை ஒரு பனை ஓலை உமலில் போட்டு, வாயைக் கட்டி மாமியின் கையில் கொடுத்தார்.

"கிழங்கைக் கொண்டு போங்கோ மாமி. நான் வரேல்லை."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? அதுதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே."

"உங்களுக்கு இப்பதான் தெரிஞ்சது. எனக்கு முதலே தெரியும்."

அம்மா அழுதார், ஐயா கெஞ்சினார், மாமி சாபம் போட்டார். அக்கா அசையவில்லை. மாமி உமலை விட்டுவிட்டுப் போகவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

யுத்தம் முடிந்தபின் அக்கா பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாதுப் பயிற்சிக்குப் போனார். பிறகு தபால்கந்தோரில் வேலை செய்த, வெருகலைச் சேர்ந்த எங்கள் அத்தானைக் கலியாணம் முடித்தார். கலியாணத் தரகர் தன் கடமைக்காக அந்தப் பழைய கதையை அத்தானிடமும் சொல்லியிருக்கிறார். அத்தான் முழுவதையும் கேட்டுவிட்டு, "கிழங்கு நல்லாய் அவிஞ்சதோ?" என்று மட்டும் கேட்டாராம். அந்த மனிதருக்கு அவர் உயிருள்ளவரை நான் மரியாதை செய்தேன்.

நிலாவெளி, சல்லி, கிண்ணியா, மூதூர் என்று அக்கா போகாத இடம் இல்லை. ஒரு மாரிகாலம் மாமியின் மகனுடைய மனைவிக்குப் பிள்ளை குறுக்கே நிற்கிறது என்று திரியாயிலிருந்து வண்டில் வந்தது. நானாக இருந்தால் படலையைத் திறந்திருக்க மாட்டேன். அக்கா பையை எடுத்துக்கொண்டு ஏறினார். தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே என்ன கதைத்தார்கள் என்று கேட்டேன். "தேத்தண்ணி தந்தவை" என்றார்.

கடைசிக் காலத்தில் ஈரல் வருத்தத்தால் அக்கா நீண்ட நாட்கள் படுக்கையில் இருந்தார். வைத்தியசாலையில் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், முகம் சுளிக்காமல் உடல் துடைத்து உடுப்பு மாற்றிய பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும், தன் பிள்ளைகள் அக்கா கையில் பிறந்ததற்காக நாள்தோறும் கஞ்சி அனுப்பிய கிண்ணியாத் தாய்க்கும், பந்தல் போட்டவர்களுக்கும், பாடை தூக்கியவர்களுக்கும், இந்த முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து அமர்ந்திருக்கும் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். செத்த வீட்டன்று பெண்கள் இருந்த பக்கத்தில், எனக்கு முன்வரிசையில், ஓர் இளம்பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "இவ அந்தக் காலத்தில வளவுக்குள்ள எதையோ தாட்டவவாம். அதில கலியாணமும் குழம்பினதாம்" என்று சொன்னாள். திரும்பியபோது முகத்தைப் பார்த்தேன். மாமியின் மகனுடைய பேத்தி. திரியாயில் அன்று குறுக்கே நின்ற பிள்ளைதான் அவளுடைய தகப்பன். பிரேதம் நடுவீட்டில் கிடந்தபடியால் நான் வாய் திறக்கவில்லை. எதை எழுதுவதென்று தெரியாமல் இருந்த எனக்கு எழுத வேண்டியதை எடுத்துத் தந்தவள் அவள்தான்.

பிள்ளை, இந்த மலரில் ஒன்று உங்கள் வீட்டுக்கும் வரும். அது கரணைக்கிழங்கு. அந்தக் குழிக்குள் வேறொன்றும் இருக்கவில்லை. உன்னுடைய பூட்டி, என் மாமி, குனிந்து பார்த்தவர்.